சாயக்கூடத்துப் பிள்ளை

ஜனவரி 11

அக்காவுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகும் நான் அதைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நீ கத்துவாய், நான் அழுவேன், பேச வந்தது பேசாமலே போய்விடும். நமக்குப் போன் சரிப்பட்டு வராது. கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

நேற்றுச் சொல்ல வந்தது இதுதான். இந்த வருடப் பரீட்சை முடிந்ததும் பிள்ளை மிளகை என்னோடு அழைத்துக்கொள்ள நினைக்கிறேன். விடுமுறைக்கு இல்லை, என்னோடு இருக்க.

உடனே கோபப்படாதே. கொஞ்சம் யோசித்துப் பார். அவள் அப்பா விபத்தில் போனபோது, வயிற்றில் அவளோடு உன் வீட்டுப் படி ஏறினேன். நீயும் அத்தானும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறந்த பிறகு நான் இருந்த நிலையும் உனக்குத் தெரியும். அப்போது நீ அவளை எடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இன்று அவளும் இல்லை, நானும் இல்லை. இதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. ஆனால் அவள் என் மகள் அக்கா. ஒன்பது வயதாகப் போகிறது. உன்னை அம்மா என்கிறாள், என்னைச் சித்தி என்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை பொம்மை வாங்கிக்கொண்டு வரும் சித்தி.

இப்போது எனக்கு நிலையான வேலை இருக்கிறது. பல் செட் செய்கிற கூடத்தில் என்னைத்தான் நிறம் பார்க்க வைத்திருக்கிறார்கள். வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று கேட்டால் நீகூட அசந்துபோவாய். நான் திருமணம் செய்துகொள்ளப்போகிறவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவருக்கு எல்லாம் தெரியும். நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஜன்னல் பக்கத்து ரூம் அவளுக்கு. காலைல வெயில் வரும், பரவாயில்லையா?"

யோசித்து எழுது. கோபத்தோடு எழுதினாலும் சரி, எழுது.

சின்னவள்

•

ஜனவரி 19

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று மஞ்சிட்டி அண்டா கொதித்துவிட்டது. மஞ்சிட்டி வேரை இளஞ்சூட்டில்தான் வைத்திருக்க வேண்டும், கொதி வந்தால் சிவப்பு செத்துப் பழுப்பு ஏறிவிடும் என்பது இந்த வீட்டில் பூனைக்கும் தெரியும். நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருந்தேன். கொதித்தது என் கண்ணில் படவில்லை. ஒரு அண்டா கம்பளி நூலும் பழைய செங்கல் நிறத்தில் கொடியில் தொங்குகிறது. உன் அத்தான் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

யோசித்து எழுதச் சொன்னாய். யோசித்தேன். முடியாது.

அவளைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? நூலைப் படிகார நீரில் ஊறவைக்கும் முன்னால் ஒவ்வொரு சிட்டம் நூலையும் பிழிந்து முகர்ந்து பார்ப்பாள். ஆட்டு வாடை போயிருந்தால்தான் உள்ளே விடுவாள். எனக்கே அந்தப் பொறுமை கிடையாது. அவுரித் தொட்டிக்குள் கையை விட்டு நகமெல்லாம் நீலம். பள்ளிக்கூடத்தில் டீச்சர், "கை கழுவுற பழக்கமே இல்லையா?" என்று கேட்டாராம். இவள் சொல்லியிருக்கிறாள்: "கழுவினா போறது அழுக்கு டீச்சர். இது சாயம்." என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெளியே வந்து இரண்டு பேரும் சிரித்தோம்.

அவளுக்கு இடி என்றால் பயம். பாலில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள். பொய் சொன்னால் இடது காதைத் தொடுவாள். உனக்குத் தெரியுமா இதெல்லாம்?

அன்றைக்கு வாசலில் ஒற்றைப் பையோடு நின்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "நீயே வச்சுக்கக்கா. எனக்கு வேணாம்." வைத்துக்கொண்டேன். பிள்ளை என்ன, இரவல் கொடுத்த குடையா, மழை வந்ததும் திருப்பிக் கேட்க?

உன் கல்யாணத்துக்கு என் ஆசி உண்டு. நல்லவர் போலத்தான் தெரிகிறது. ஜன்னல் பக்கத்து அறையில் வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா

•

ஜனவரி 30

அக்காவுக்கு,

குடை என்று எழுதியதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். திரும்ப எடுக்க எனக்கு மனம் வரவே நாளாயிற்று.

"எனக்கு வேணாம்" என்று சொன்னேன், உண்மைதான். பகல் எது இரவு எது என்று தெரியாமல் இருந்தவள் சொன்னது அது. அவள் அழும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதுபோலக் கேட்கும். யாராவது போய் எடுக்கக் கூடாதா என்று படுத்தபடியே நினைப்பேன். நீ ஓடி வந்து எடுப்பாய். ஈரக் கையோடு, முந்தானையில் துடைத்துக்கொண்டே. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் பயம் அதிகமாகும். இவளுக்கு ஒரு அம்மா கிடைத்துவிட்டாள், நான் இருந்தால் கெடுத்துவிடுவேன் என்றுதான் கிளம்பினேன். இந்த ஊரில் ஒரு டாக்டரம்மாதான் அது நோய் என்று எனக்குச் சொன்னார். நோய் என்று ஒருவர் பெயர் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மருந்து, பேச்சு, திரும்ப மருந்து. சுகமாக வருடங்கள் ஆயின. நோயில் உளறியதைப் பத்திரம்போலப் பிடித்துக்கொண்டு நிற்பாயா அக்கா?

நீ கேட்டதெல்லாம் எனக்குத் தெரியாதுதான். தெரிந்துகொள்ள இடம் கொடுக்கவில்லையே யாரும். போன வருடம் வந்தபோது அவளுக்குத் தலை சீவிவிடலாம் என்று சீப்பை எடுத்தேன். "சித்திக்குச் சிக்கு எடுக்கத் தெரியாது, அம்மாதான் வேணும்" என்று சீப்பை வாங்கிக்கொண்டு உன்னிடம் ஓடினாள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புத்தான். நான் கொல்லைக்குப் போய்க் கொடியில் தொங்கிய நூலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். மாதுளைத் தோல் மஞ்சள். இன்னும் அந்த வாசனை நினைவிருக்கிறது.

பரீட்சை முடிந்ததும் வருகிறேன். அவளிடம் நானே சொல்கிறேன். போவதா இருப்பதா என்பதை அவளே சொல்லட்டும். இழுத்துக்கொண்டு போக மாட்டேன், அது சத்தியம்.

சின்னவள்

•

பிப்ரவரி 16

சின்னவளுக்கு,

வராதே.

அவளுக்கு ஜுரம். இரண்டு நாளாகப் படுக்கையில். பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் இப்போது எதையும் சொல்ல வேண்டாம்.

உன் அத்தானோடு எனக்குச் சண்டை. கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆட்டு ரோமம் அலசிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "அவளுக்கு என்னிக்காச்சும் தெரியத்தான் போகுது. நம்ம வாயால தெரிஞ்சா நல்லது."

"அப்ப நீங்களே சொல்லுங்க," என்றேன்.

"நான் சொன்னா செய்தி. நீ சொன்னாத்தான் அவ தாங்குவா," என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்லப் போய்த்தான் கட்டிலில் உட்கார்ந்தேன். ஜுரத்தில் என் கையை எடுத்துக் கன்னத்தடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். கையை உருவ மனமில்லை. நீ என்னவோ நினைத்துக்கொள்.

அக்கா

•

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் அவள் தூங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

நாங்கள் கிளம்பும்போது நீ பின்கட்டுப் படியில் உட்கார்ந்தபடியே இருந்தாய். எழுந்து வருவாய் என்று அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றார் தெரியுமா? நீ பார்க்காத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். பார்த்தவள் நான் ஒருத்திதான்.

சமையலறையில் நான் சொன்னபோது அவள் என் பக்கமே திரும்பவில்லை என்பது உனக்குத் தெரியும். உன்னைத்தான் பார்த்தாள். "நிஜமாம்மா?" என்று கேட்டாள். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அக்கா. ஆமாம் என்றோ, வா என்றோ. நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவள் சாயக்கூடத்துக்கு ஓடினாள், நான் பின்னால் போனேன். அழப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நேராக அவுரித் தொட்டிக்குப் போய்க் குனிந்து அடித்துளையை அடைத்திருந்த மரக்கட்டையைப் பிடுங்கினாள். எப்படித்தான் அந்தக் கைக்கு அவ்வளவு பலம் வந்ததோ. தண்ணீர் பச்சையாகக் கொட்டியது, தரையில் ஓடும்போதே நீலமாகிக்கொண்டு போனது. நான் கட்டையைத் தேடினேன், அவள் அதைத் தூக்கி எறிந்துவிட்டிருந்தாள். தொட்டி காலியாகும்வரை அசையாமல் நின்று பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நான் உங்ககூட வரேன்."

நான் நினைத்து வைத்திருந்தது நடந்துவிட்டது. ஆனால் இப்படி நடக்கும் என்று நினைத்திருந்தேனா? என்மேல் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை அவள். உன்மேல் உள்ள கோபத்தில் வந்திருக்கிறாள். வேண்டாம், அவசரப்படாதே, கொஞ்சநாள் போகட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "உங்ககூட வரேன்" என்று காதில் விழுந்த பிறகு எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

இங்கே வந்ததிலிருந்து அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவதில்லை. அம்மா என்றும் இல்லை. எதுவுமே இல்லாமல் பேசுகிறாள். நீ, வா, போ என்றெல்லாம் என்னோடு விளையாடியவள் இப்போது வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா. இவ்வளவு மரியாதையை நான் வேலை பார்க்கும் இடத்தில்கூடப் பார்த்ததில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அவுரித் தொட்டி போனதற்கு என்னைத் திட்டிக்கொள். அவளைத் திட்டாதே.

சின்னவள்

•

ஏப்ரல் 22

சின்னவளுக்கு,

அவள் துணிமணியும் போர்வையும் தனிப் பெட்டியில் வருகின்றன. போர்வையை வெந்நீரில் போடாதே, கம்பளி சுருங்கிக் கட்டியாகிவிடும். அவள் அதைத் தலைவரை இழுத்துக்கொண்டுதான் தூங்குவாள். மூச்சு முட்டும் என்று நினைத்து விலக்காதே, எழுந்துவிடுவாள்.

இருமல் வந்தால் எழுது.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். "அம்மா எழுதுவது" என்று ஆரம்பித்தேன், கிழித்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால் எழுதவில்லை என்று அவளிடம் சொல். வேண்டாம், எதுவும் சொல்லாதே.

தொட்டிக்காக நான் யாரையும் திட்டவில்லை. தொட்டி கிடக்கிறது.

அக்கா

•

ஜூலை 6

அக்காவுக்கு,

நீயாகக் கேட்க மாட்டாய், அதனால் நானே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. இருமல் இல்லை. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். நான் விலக்குவதில்லை.

திருமணம் போன மாதம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. உன்னைக் கூப்பிடவில்லை என்று வருத்தப்படாதே. நீ வந்து, அவள் உன்னிடம் பேசாமல் நின்றால் உன்னால் தாங்க முடியுமா என்று பயந்தேன்.

அவரோடு அவள் பேசுகிறாள். ஆச்சரியம், ஆனால் நிஜம். அவர் அவளை ஒரு கட்டடத்துக்கு அழைத்துப் போய் லிஃப்ட் மேலே ஏறும்போது கயிற்றின் மறுமுனையில் ஒரு பாரம் கீழே இறங்குவதைக் காட்டியிருக்கிறார். வந்ததும் அவரிடம், "அங்கிள், உங்களுக்கு வெங்காயத் தோல் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். இவர் காய்கறிச் சந்தையில் போய்ச் சாக்கை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். "தோல் மட்டும் போதும், வெங்காயம் நீங்களே வச்சுக்கங்க" என்றாராம். கடைக்காரர் இவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

வேலை முடிந்து வந்து பார்த்தால் வீடே மணக்கிறது. அடுப்பில் பெரிய பாத்திரம், அதற்கு முன்னால் ஸ்டூலில் அவள், கையில் கரண்டியோடு இவர். "வேகமா கலக்காதீங்க அங்கிள், நூல் சிக்காகிடும். புரட்டி விடுங்க, போதும்." நான் வாசற்படியிலேயே நின்றேன். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பிறகு அவள் என் பக்கம் திரும்பாமலே, "படிகாரம் தீர்ந்துடுச்சு. இங்க எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள். என்னிடம் அவள் கேட்ட முதல் உதவி. முடிதிருத்தகத்துக்கு ஓடினேன். சவரம் செய்துகொள்ள வந்த ஆண்களுக்கு நடுவில் மூச்சு வாங்க நின்று படிகாரக் கட்டி கேட்டதை அந்தக் கடைக்காரர் லேசில் மறக்க மாட்டார்.

அதன் பிறகு வார இறுதிகளில் என்னையும் சேர்த்துக்கொண்டாள், சிட்டம் பிழிய. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேர்தான். செண்டுமல்லி இதழ் கொதித்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தைப் பார்த்தபடியே கேட்டாள்:

"என்னை ஏன் நீங்க தூக்கலை?"

நான் எதையோ சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் அவள் கையில் கரண்டி நின்றுவிட்டதைப் பார்த்தேன்.

"பயமா இருந்துச்சு," என்றேன்.

"என்னைப் பார்த்தா?"

"இல்ல. என்னைப் பார்த்து. எனக்கு அப்ப உடம்புக்கு முடியலை. மனசுல வர்ற நோய். நான் உன்னை எதாவது பண்ணிடுவேனோன்னு பயம்."

"இப்ப?"

"இப்ப இல்ல. இப்ப ஒரே பயம்தான். நீ பேசாம இருந்துடுவியோன்னு."

கொஞ்ச நேரம் இதழ்களைப் புரட்டினாள். "அப்ப யாரு தூக்கினாங்க?"

"உன் பெரியம்மா."

அந்த வார்த்தையை அப்போதுதான் முதலில் சொன்னேன் அக்கா. அதோடு நிறுத்தவில்லை. நீ அவளை முதுகில் கட்டிக்கொண்டு நூல் அலசியதைச் சொன்னேன். சாய நீராவி பட்டால் இருமுவாள் என்று மழையில் அடுப்பைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்து வேலை செய்ததைச் சொன்னேன். அத்தான் தொட்டிலுக்குக் கம்பளி மெத்தை தைத்துக் கையெல்லாம் குத்திக்கொண்டதைச் சொன்னேன். எனக்கு அவ்வளவு நினைவிருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. படுத்துக் கிடந்தவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

"அப்புறம் ஏன் எங்கிட்ட மறைச்சாங்க?"

"நீ முதமுதல்ல அம்மான்னு கூப்பிட்டது அவளைத்தான். அப்படிக் கூப்பிட்டா, நான் இல்லைன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?"

கரண்டியைக் கீழே வைத்தாள். வந்ததிலிருந்து அழாத பிள்ளை அழுதாள், என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, உனக்காக. நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். பொறாமை வரவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். வந்தது. கொஞ்சம்தான்.

படுக்கப் போகும்போது கேட்டாள்: "அந்தத் தொட்டி செத்துடுச்சா?"

தெரியவில்லை, கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

சின்னவள்

•

ஜூலை 17

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை அத்தான்தான் வாசித்தார். என் கண்ணாடி கிடைக்கவில்லை என்றேன். தலையில்தான் இருந்தது, அவர் சொல்லவில்லை.

நீ எழுதியிருந்த அந்தச் சொல்லில் தப்பில்லை. நான் உனக்கு மூத்தவள், அவள் உன் மகள், அப்படியானால் நான் பெரியம்மாதான். வேறு என்னவாக இருக்க முடியும்? சரியான சொல்தான். அன்றைக்கு முழுவதும் சாமான்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோனது எனக்கே மறந்துவிட்டது. நீ அதைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. உன் கண் திறந்திருக்கும், ஆனால் நீ எங்கோ இருப்பாய். நான் உன்மேல் கோபமாக இருந்தேன் அப்போது. நோய் என்று எனக்கும் யாரும் சொல்லவில்லை. திமிர் என்று நினைத்தேன். பிறகு நீ சுகமாகித் திரும்பி வந்தபோது, சொன்னால் நம்பு, உன்னைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கூடவே, இவள் எதற்குச் சுகமானாள் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே மனதில்தான் இருந்தன.

சமையலறையில் அவள் கேட்டபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்டிருந்தாய். ஆமாம் என்றால் அவள் என் மகள் இல்லை. இல்லை என்றால் இன்னொரு பொய். எதைச் சொல்ல?

தொட்டி செத்துவிட்டது, புளித்த பழைய நீர் ஒரு சொட்டு மிஞ்சவில்லை. அவளிடம் மறைக்காதே, செத்துவிட்டது என்றே சொல். அதே தொட்டியில் புதிதாகப் போட்டிருக்கிறேன், அவுரியும் தவிடும் மஞ்சிட்டித் தூளும். இன்னும் புளிக்கவில்லை. அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது, வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும் சம்பந்தி மாதிரி.

அவளை இங்கே அனுப்பச் சொல்லி நான் கேட்க மாட்டேன். பாவம் என்று சொல்லியும் அனுப்பாதே. அவளாக வர வேண்டும் என்றால் வரட்டும்.

உன் வீட்டுக்காரருக்கு ஒரு கழுத்துத் துணி அனுப்புகிறேன். வெங்காயத் தோலுக்காகச் சாக்கோடு நின்றவருக்கு.

அக்கா

•

செப்டம்பர் 24

அக்காவுக்கு,

அவளாகத்தான் கேட்டாள். விடுமுறை விட்டதும், "நான் அங்க போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" என்றாள். அங்க என்றால் எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம். நடத்துநர் இவருக்குப் பழக்கம், முன் இருக்கையில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வருவார். அத்தானை நிறுத்தத்தில் நிற்கச் சொல்.

அவள் அறையில் வெயில் வருகிறது. அங்கே ஒரு கயிறு கட்டி நூல் காயப் போட்டிருக்கிறாள். எடுத்து வைக்கட்டுமா என்றேன். "அதை எடுக்காதீங்க, நான் வந்து எடுத்துக்கறேன்" என்றாள். அந்தப் பேச்சை நான் எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கேட்காதே.

நீ அவளை எனக்குத் திருப்பி அனுப்புவாயா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. ஆனாலும் கேட்கவில்லை. அவள் அங்கேயே இருக்கிறேன் என்றால் இழுத்துக்கொண்டு வர மாட்டேன் என்று முன்பே சத்தியம் செய்திருக்கிறேன். அப்போது அதைச் செய்தது எவ்வளவு சுலபமாக இருந்தது!

சின்னவள்

•

அக்டோபர் 6

சின்னவளுக்கு,

அவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அவளுக்கு முன்னால் இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர வேண்டும் என்பதற்காக இன்றே தபாலில் போட அத்தானை அனுப்புகிறேன். அதற்குள் நீ எதை எதையோ நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பாய், எனக்குத் தெரியும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றாள். வளர்ந்திருக்கிறாள். நிறுத்தத்துக்கு அத்தான் மட்டும் போவதாகத்தான் இருந்தது, நானும் போயிருந்தேன். "நீங்க இளைச்சுட்டீங்க," என்றாள். நீங்க. நீ எழுதியிருந்தாய், இருந்தாலும் என் காதால் கேட்பது வேறாக இருந்தது. அத்தான் பையை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்துவிட்டார். வழி நெடுக நாங்கள் மழை பற்றிப் பேசினோம்.

வீட்டுக்குள் போகவில்லை, நேராகச் சாயக்கூடத்துக்குப் போனாள். தொட்டி மூடியைத் தூக்கி முகர்ந்தாள். "இன்னும் சரியா வரலை. குளிர்ல வச்சிருக்கீங்க. ஒரு போர்வை சுத்தக் கூடாதா?" டாக்டர்போலச் சொன்னாள். சுற்றினோம். தவிடு போட்டோம். காலையும் மாலையும் மூடியைத் திறந்து பார்த்தோம். அந்த வேலை இல்லாவிட்டால் நாங்கள் என்ன பேசியிருப்போம் என்று தெரியவில்லை. நடுவில் ஒருநாள், மஞ்சிட்டி வேர் இடித்துக்கொண்டிருந்தபோது, "கட்டையைப் பிடுங்கினது தப்பு," என்றாள். "நான் சொல்லாம இருந்ததும் தப்பு," என்றேன். அதோடு விட்டோம்.

போன வெள்ளிக்கிழமை தொட்டிமேல் செம்பு நிறத்தில் நுரை கட்டியிருந்தது. ஒரு சிட்டம் முக்கி எடுத்தாள். பச்சையாக வந்து காற்றுப் பட்டு நீலமாக மாறியது. "அம்மா, பாரு பாரு!" என்று கத்தினாள். கத்திவிட்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"எப்படிக் கூப்பிட்டாலும் நான் வருவேன், நீ பிழி, நூல் சொட்டுது பார்," என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டும் கலந்து வருகிறது. பெரியம்மா என்று ஆரம்பிப்பாள், அவசரத்தில் அம்மா ஆகிவிடும். அந்த "நீங்க" மட்டும் போயே போய்விட்டது. நீ இதைப் படித்து வருத்தப்படுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இனி உனக்கு எதையும் மறைப்பதில்லை.

இன்று காலை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குச் சொல்லிவைக்க அத்தான் அவளையும் கூப்பிட்டார், அவள் செருப்பைக் காணவில்லை. தேடித் தேடி, அலசாத ரோமக் குவியலுக்குள் இருந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதே இல்லை.

"நான் போகல," என்றாள்.

சின்னவளே, இந்த ஒரு வார்த்தையைக் கேட்க ஏப்ரலிலிருந்து நான் எவ்வளவு ஏங்கினேன் என்று உனக்கு எழுதியதில்லை. அத்தான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரில் யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும், அவள் இங்கே இருந்துவிடுவாள்.

நான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்கம்மா காத்துக்கிட்டிருப்பா," என்றேன். உன்னை அப்படி நான் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்ல வரும் என்றே நினைக்கவில்லை. வந்துவிட்டது.

"நான் போனா உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

முன்னாலென்றால் பரவாயில்லை என்றிருப்பேன். "பரவாயில்லாம எப்படி இருக்கும்? நீ போனதும் இந்த வீட்ல ஒண்ணும் ஓடாது. உங்க பெரியப்பா பேச மாட்டார், நான் அண்டாவைக் கொதிக்க விடுவேன்."

"அப்ப ஏன் போகச் சொல்ற?"

"உன்னை ஒருதடவை விட்டுட்டுப் போனதுக்கே அவ இத்தனை வருஷம் தூங்கலை. நீ அவளை விட்டுட்டு வந்தா தாங்குவாளா? போய் அவகூட இரு. அடுத்த லீவுக்கு வா. நான் எங்கயும் போக மாட்டேன்."

யோசித்தாள். அழுதாள். செருப்பில் ஒட்டியிருந்த ரோமத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தாள். பிறகு, "உனக்கு நான் கடிதம் போட்டா, பதில் போடுவியா?" என்றாள். போடுவேன் என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டும், அது என் பாடு.

இப்போது தூங்குகிறாள், பகலிலேயே, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு. அழுத களைப்பு.

நீ அவளிடம் எதையும் கேட்காதே. அங்கே பிடித்திருந்ததா, இங்கே பிடித்திருக்கிறதா என்றெல்லாம் வேண்டாம். பசிக்கிறதா என்று மட்டும் கேள். ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்குச் சீக்கிரமே போய்விடு. பஸ் வந்து நிற்கும்போது எல்லாருக்கும் முன்னால் நில். இறங்கியதும் கூட்டத்தில் அவள் உன்னைத் தேடும்படி வைக்காதே.

அக்கா